மாறுபாட்டூட்டி: எம்.ஆர்.ஐ. ஊசிக்கு ஒரு தமிழ்ச்சொல்

எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால், "கான்ட்ராஸ்ட் போட்டு எடுக்கணும்" என்பார்கள். சிலர் ‘டை’ என்பார்கள். அதைத் தமிழில் ‘சாயம்’ என்று எழுதிவிடுகிறோம். ஆனால் அந்த ஊசி எதையும் நிறம் மாற்றுவதில்லை.

‘கான்ட்ராஸ்ட்’ லத்தீன் வேரிலிருந்து வந்தது: ‘கான்ட்ரா’ எதிர், ‘ஸ்டாரே’ நிற்றல். இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஓவியக்கலைச் சொல்லாகி, நிறமும் உருவமும் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று எடுத்துக்காட்டுவதைக் குறித்தது. மருத்துவப் படத்திலும் அதே பொருள்தான். அடுத்தடுத்த இரு திசுக்கள் பிரிந்து தெரிய வேண்டும்.

எக்ஸ்-கதிர்ப் படத்தில் அயோடினோ பேரியமோ கதிரைத் தடுத்துத் தானே தெரியும். எம்.ஆர்.ஐ.யில் சமிக்ஞை தருவது உடல் நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள். கருவி அவற்றைத் தூண்டிவிடும்; காந்தத் தன்மையுள்ள பொருள் அருகே வந்தால், அவை பழைய நிலைக்குத் திரும்பும் வேகம் மாறும். அந்த மாற்றம்தான் படத்தில் தெரிகிறது. 1988இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கடோலினியம் என்ற உலோகத்தின் சேர்மம், தான் சேரும் இடத்தைப் பொதுவாக வெளுப்பாக்கும்.

‘நானோ’ எனப்படும் மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடுத் துகள்கள் பெரும்பாலும் நேர்மாறு. டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரை வகைப் பொருள் பூசிய அந்தத் துகள்களை ரத்தத்தில் செலுத்தினால், கல்லீரலில் அந்நியத் துகள்களை விழுங்கும் காவல் செல்களான குப்ஃபர் செல்கள் விழுங்கிக்கொள்ளும். நல்ல பகுதி படத்தில் கருக்கும். அந்தச் செல்கள் இல்லாத புற்றுக்கட்டி வெளுப்பாகவே நிற்கும். மருந்து போகாத இடம் நோயைக் காட்டிக்கொடுக்கிறது! 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இவ்வகை மருந்து பின்னர் விற்பனையிலிருந்து விலகியது. 2009இல் ரத்தசோகைக்கு அனுமதி பெற்ற ஃபெருமாக்சிட்டால் என்ற இரும்பு நானோ மருந்தை மருத்துவர்கள் எம்.ஆர்.ஐ.க்கும் பயன்படுத்தினார்கள். பழைய கடோலினிய வகைகள் சிலவற்றுக்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வந்த கடுமையான தோல் இறுக்க நோய்க்கும் தொடர்பு உண்டென்று 2006இல் தெரியவந்த பிறகு, இரும்பின் மீது கவனம் கூடியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘துலக்கி’, ‘ஒளிர்வி’ போன்றவை இரும்புத் துகளுக்குப் பொருந்தா. அது கருக்க வைக்கிறதே. ‘உறழ்பொருள்’ அழகான சொல்தான். ஆனால் உறழ்தலுக்கு மாறுபடுதல், ஒத்திருத்தல் இரண்டுமே பொருள். நன்னூல் ‘உறழ’வை உவம உருபுகளில் சேர்க்கிறது. ஆங்கிலத்தின் ‘கான்ட்ராஸ்ட் ஏஜென்ட்’டைப் பார்த்து ‘முகவர்’ என்றால், அது காப்பீட்டுக்காரரைத்தான் நினைவூட்டும்.

சுவையூட்டி, நிறமூட்டி என்று ஏற்கெனவே சொல்கிறோம். அந்த வழியில் ‘மாறுபாட்டூட்டி’ என்பதே என் தேர்வு. வெளுத்தாலும் கருத்தாலும் பொருந்தும். ‘நானோ’வை அப்படியே வைத்துக்கொள்ளலாம். கிரேக்கத்தில் அதற்குக் குள்ளன் என்று பொருள், நம் ‘குறள்’ போல. ஆனால் 1960 முதல் அது நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும் உலகப்பொது அளவைச் சொல்.