நிரந்தரம் என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்

மிக்ஸிங்குக்கு, அதாவது பதிவான ஒலிகளைச் சேர்த்துச் சமன்செய்ய, என்னிடம் வரும் பையன்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, சவுண்டு இன்னும் பெருசா வேணும்." ப்ராஜெக்ட்டைத் திறந்தால் எண்பது, தொண்ணூறு ஒலி அடுக்கு இருக்கும். அப்போதெல்லாம் பழைய பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டுவேன். 1986-இல் சிகாகோவின் ட்ராக்ஸ் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட 'கேன் யூ ஃபீல் இட்'. மிஸ்டர் ஃபிங்கர்ஸ் என்ற பெயரில் அதைச் செய்தவர் லாரி ஹெர்ட்.

ரோலண்ட் ஜூனோ-60 சிந்தசைசர், டிஆர்-909 ட்ரம் மெஷின். சரக்கு அவ்வளவுதான். ஜூனோவில் ஒரு நேரத்தில் ஆறு சுரங்களுக்கு மேல் ஒலிக்காது. கீழே பேஸ் என்ற கனத்த ஒலி உருண்டுகொண்டே வர, மேலே பேட் என்ற நீண்ட ஒலி மெல்ல விரிந்து அடங்கும். ஹெர்ட் முதலில் ட்ரம்மர். எங்கே அடிக்காமல் விட வேண்டும் என்று அந்த பேஸுக்குத் தெரிந்திருக்கிறது. ஆட வைக்கிற பாட்டுதான், ஆனால் தனியாக உட்கார்ந்து கேட்டால் நெஞ்சை என்னவோ செய்யும். பின்னாளில் டீப் ஹவுஸ் என்று பெயர் வாங்கிய நடன இசை வகைக்கு இதைத் தொடக்கமாகச் சொல்பவர்கள் பலர். மார்ட்டின் லூதர் கிங்கின் உரையை இதன் மேல் ஏற்றிய வடிவமும் உண்டு. எனக்கென்னவோ பேச்சில்லாததுதான் பிடிக்கும். அந்தக் காலத்து ட்ராக்ஸ் இசைத்தட்டுகள் கரகரப்புக்குப் பேர் போனவை. அதையும் தாண்டித்தான் இந்தப் பாட்டு நின்றிருக்கிறது.

சரி, இதை நான் போட்டுக் காட்டுவது சத்தத்துக்காக மட்டும் இல்லை. 2020-இல் ஹெர்ட்டும் அவரோடு சேர்ந்து பாட்டுகள் செய்த பாடகர் ராபர்ட் ஓவன்ஸும் ட்ராக்ஸ் மீது வழக்குப் போட்டார்கள். ராயல்டி, அதாவது பாட்டு சம்பாதிப்பதில் எங்களுக்கு வர வேண்டிய பங்கு, தரவில்லை, எங்கள் பாட்டுகளின் உரிமை எங்களுடையது என்றார்கள். 2022-இல் சமரசமாகி, உரிமை அவர்கள் கைக்கு வந்தது. பாட்டு வெளிவந்து 36 வருடம் கழித்து!

எந்தப் பாட்டு நிற்கும் என்று கையெழுத்துப் போடுகிற அன்றைக்கு யாருக்கும் தெரியாது. நானும் ஒரு காலத்தில் ஒரு குறும்படத்துக்குச் செய்த இசையை ஐயாயிரம் ரூபாய்க்கு, தாளைப் படிக்காமல் எழுதிக் கொடுத்தவன்தான். அப்புறம் அதே இசையை ஒரு விளம்பரத்தில் கேட்டேன். போய்க் கேட்டதற்கு அந்தத் தாளை எடுத்துக் காட்டினார்கள்.

நம் பதிப்புரிமைச் சட்டம் அவ்வளவு மோசமில்லை. உரிமையை எழுதிக் கொடுக்கும் தாளில் கால அளவு இல்லையென்றால் ஐந்து வருடம் என்றே கொள்ளப்படும். எந்த நாடுகளுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டை எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. பாட்டெழுதுபவர்கள், இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அப்படியொரு சங்கம், அதில் பதிவு செய்து வையுங்கள். நண்பர்களோடு சேர்ந்து செய்த பாட்டா? யாருக்கு எத்தனை சதவீதம் என்று அன்றைக்கே ஒரு மின்னஞ்சலிலாவது எழுதிக்கொள்ளுங்கள். பாட்டு ஓடிய பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் சண்டைதான். பெரிய தொகை என்றால் வக்கீலிடம் காட்டாமல் பேனாவைத் தொடாதீர்கள்.

போன வாரம் வந்த பையன் பாட்டைக் கேட்டு முடித்துவிட்டு மொபைலில் ஒரு ஒப்பந்தத்தைக் காட்டினான். கால அளவு: நிரந்தரம். அதை அடித்துவிட்டு ஐந்து வருடம் என்று போட்டு அனுப்பச் சொன்னேன். அனுப்பிவிட்டான். அவர்களிடமிருந்து இன்னும் பதில் இல்லை.