இருநூறு மீன் வாங்கி விட்டா என்ன அண்ணே?

கேட்டவன் நல்ல பையன், தூண்டில் பைத்தியம். அக்டோபர் லீவில் பென்சில்வேனியாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனவன், அத்தானோடு ஓடையில் இறங்கி ஃப்ளை ஃபிஷிங் பழகிவிட்டு வந்திருக்கிறான். இறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சியை, கயிற்றின் எடையை வைத்தே வீசிப் பிடிக்கும் வித்தை அது. இலையுதிர் காலத்தில் அங்கே லாரி வந்து நிற்குமாம். தொட்டியிலிருந்து ட்ரவுட் மீன்களை வலையால் அள்ளி ஆற்றில் விடுவார்களாம். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஊர் திரும்பிய கையோடு என்னிடம் வந்தான்.

"நாம பத்துப் பேரு காசு போட்டு, உங்க பண்ணையிலயே இருநூறு மீன் வாங்கி லோயர் செலிட்டர்ல விட்டா என்ன அண்ணே?"

லோயர் செலிட்டர் நம் சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் ஒன்று. இங்கே ஓர் அலங்கார மீன் பண்ணையில் மீன்களின் உடல்நலம் பார்ப்பது என் வேலை. 22 வருடமாகிறது. இதே கேள்வி பல வேஷத்தில் என்னிடம் வரும். விசாக தினம் நெருங்கினால், மீனை விட்டால் புண்ணியம் என்று வரும். வீவக அடுக்குமாடி வீடு மாறும்போது "தொட்டி வைக்க இடமில்லை, கிராஞ்சி நீர்த்தேக்கத்துல விட்டுறலாமா" என்று வரும். தம்பி கேட்டதில் ஒரு வித்தியாசம், அவன் லாரியைப் பார்த்திருக்கிறான். லாரி வருவதற்கு முன் நடப்பதைத்தான் பார்க்கவில்லை.

ட்ரவுட் குளிர்நீர் மீன். 10 முதல் 16 டிகிரி வரை சுகமாக இருக்கும். 20-ஐத் தாண்டினால் திணறும், 25-ஐ ஒட்டினால் செத்துப்போகும். நம் ஆட்களுக்குப் புரியும்படி சொன்னால், ஊட்டிக்குப் பக்கத்தில் அவலாஞ்சியில் 1907-இல் ட்ரவுட் பண்ணை வைத்தார்களே, மலை உச்சியைத் தேடிப்போனது அதற்காகத்தான். பென்சில்வேனியாவில் கோடையில் ஆறு சூடேறி, தண்ணீரும் குறைந்து கிடக்கும். அப்போது மீனை விட்டால் அது வீண். செப்டம்பர், அக்டோபரில் இரவு குளிரத் தொடங்கி, ஒரு மழையும் பெய்து ஆறு கொஞ்சம் ஏறிய பிறகுதான் விடுவதற்குத் தோதான நேரம். குளிர்ந்த நீரில் ஆக்ஸிஜன் அதிகம் கரையும்: 12 டிகிரியில் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 11 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரை. மழை வராமல் ஆறு வற்றிக் கிடந்தால் தேதியைத் தள்ளி வைப்பார்கள்.

மீன் லாரி ஏறுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்திவிடுவார்கள், வழியில் கழிந்து தண்ணீரைக் கெடுக்காமல் இருக்க. தொட்டியின் வெப்பமும் ஆற்றின் வெப்பமும் ஐந்தாறு டிகிரி வித்தியாசப்பட்டால், ஆற்று நீரைத் தொட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குவார்கள். தூண்டில்காரர்கள் இதையெல்லாம் கவனிப்பது குறைவு. புதிதாக விட்ட மீன் விட்ட மடுவிலேயே கூட்டமாக நிற்கும், அடுத்த மழையில் ஆறு பெருகித் தெளியும்போதுதான் பரவும் என்பதில்தான் அவர்கள் கண். அது அவர்கள் கவலை, தப்பில்லை. ஆனால் அந்தப் பருவத்தில்தான் பிரவுன் ட்ரவுட் சரளைக்கல்லில் பள்ளம் பறித்து முட்டையிடும். பளிச்சென்று சுத்தமாகத் தெரியும் சரளைத் திட்டில் கால் வைக்கக் கூடாது என்று அத்தான் சொல்லிக் கொடுத்தாரா என்று தம்பியிடம் கேட்டேன். முழித்தான்.

பழக்குவது என்றால் பையை மிதக்கவிடுவது மட்டும்தானே என்று நினைப்பவர்களுக்கு என் அவமானக் கதை ஒன்று. வேலையில் சேர்ந்த முதல் வருடம், வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. 30 மணி நேரப் பயணம். நான் பக்குவமாகச் செய்வதாக நினைத்து, பைகளையெல்லாம் வாயைத் திறந்து வைத்து, பண்ணைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் விட்டேன். மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்து வாய் பிளந்தன. செவுள் செங்கல் நிறத்துக்குப் போனது. பாதிக்கு மேல் அன்றைக்கே போய்விட்டது.

நடந்தது இதுதான். மூடிய பையில் மீன் விடும் மூச்சால் கரியமில வாயு சேரும், அதனால் தண்ணீரின் பிஎச், அதாவது அமில-கார அளவு, இறங்கும். மீன் கழிக்கும் அம்மோனியா அந்த நிலையில் பெரிதாகக் கெடுதல் செய்யாது. பையைத் திறந்ததும் வாயு பறந்துவிடும், பிஎச் ஏறும், அதே அம்மோனியா விஷமாகிவிடும். நான் மீன்களை விஷத்தில் ஊறவைத்துவிட்டு அதைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூடிய பையை மிதக்கவிட்டு வெப்பத்தைச் சரிசெய்து, திறந்த உடனே மீனை மட்டும் எடுத்து நல்ல தண்ணீருக்கு மாற்றியிருக்க வேண்டும். சம்பளம் வாங்கும் ஆளே இப்படிக் கொன்றால், நீர்த்தேக்கக் கரையில் பையைக் கவிழ்த்துவிட்டுக் கும்பிடுபவர் கதி என்ன? மீனின் கதி என்ன என்று கேட்க வேண்டும், சரி.

அப்புறம், பிழைத்துவிட்டால் அது வேறு தலைவலி. அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் 1974-இல் ஒரு முடிவெடுத்தது: இயற்கையாகவே ட்ரவுட் பெருகும் ஆறுகளில் இனிப் பண்ணை மீனை விடுவதில்லை. விடுவதை நிறுத்தினால் காட்டு மீன் கூடுகிறது என்று மேடிசன் ஆற்றில் கணக்கெடுத்துப் பார்த்துவிட்டார்கள். அங்கே ஆராய்ச்சிக்காரர்கள் இத்தனை பேர் இருந்தும், 1994-இல் அதே மேடிசனில் சுழல் நோய் தெரியவந்தது. குஞ்சின் குருத்தெலும்பைத் தின்னும் ஒட்டுண்ணி அது, மீன் தன் வாலைத் தானே துரத்துவதுபோலச் சுற்றும். அமெரிக்காவுக்குள் அந்த ஒட்டுண்ணி நுழைந்தது 1950-களில், பரவியதில் பண்ணை மீனுக்கும் பங்குண்டு. அந்தத் தம்பி வாங்க நினைத்த இருநூறில் எத்தனை எதைச் சுமக்கும் என்று என்னாலேயே வெறுங்கண்ணால் சொல்ல முடியாது.

நம் நீர்த்தேக்கங்கள் ஏற்கனவே வந்தேறிகளின் சத்திரம். தூண்டில்காரர்கள் கொண்டாடும் பீக்காக் பாஸ் தென்னமெரிக்கா. வாலில் நச்சு முள் கொண்ட மொட்டோரோ திருக்கையும் தென்னமெரிக்கா. சிவப்பு நகக் கிரேஃபிஷ் ஆஸ்திரேலியா. நடந்து வந்தவை அல்ல, யாரோ பையில் கொண்டுவந்தவை. அனுமதியில்லாமல் விடுவது சட்டப்படியும் குற்றம். விசாகத்தை ஒட்டி தேசியப் பூங்காக் கழகமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் ஆள் போட்டுச் சொல்கிறார்கள். வீட்டில் வேண்டாத மீன் இருந்தால் கடையில் திரும்ப எடுப்பார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் தொட்டி வைத்திருக்கும் யாருக்காவது கொடுங்கள். லோங்காங், அதாவது மழைநீர் வடிகாலும் வேண்டாம், அது பெரும்பாலும் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது.

நமக்கு இலையுதிர் காலம் இல்லை, ஆனால் தண்ணீர் மாறாமல் இல்லை. அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. டிசம்பர், ஜனவரியில் நாள் கணக்கில் அடைமழை. பெருமழைக்குப் பிறகு நீர் தே தாரிக் (பால் டீ) நிறத்தில் இருக்கும். அடியில் கிடக்கும் ஆக்ஸிஜன் குறைந்த நீர் மேலே கலந்து, மீன்கள் காற்றுக்கு வாய் தூக்கும். அந்த விடியற்காலையில் பிடித்த மீனைப் போட்டோவுக்காகத் தூக்கி வைத்துக்கொண்டிருக்காதீர்கள். பாசி அதிகமுள்ள நீரில் ஆக்ஸிஜன் விடியலுக்குச் சற்று முன்புதான் மிகக் குறைவு. ஃப்ளை ராடு இங்கே கொண்டு போகிறவர்களுக்கு இரண்டு சொல்: அனுமதித்த இடத்தில் மட்டும், செயற்கை இரையோடு மட்டும். பின்னால் வீசும்போது ஓட்டப்பயிற்சிக்காரர் காதில் கொக்கி மாட்டும். முதல் இடி கேட்டதும் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கூரைக்குள் போங்கள். கார்பன் ராடில் மின்சாரம் பாயும்.

தம்பிக்கு இதையெல்லாம் சொல்லி முடிக்க இரண்டு கோப்பி ஆனது. இருநூறு மீன் பேச்சை விட்டுவிட்டான், முகம்தான் கொஞ்சம் தொங்கிப்போனது. போகும்போது பண்ணைத் தெர்மாமீட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டான். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பில் படம் வந்தது: லோயர் செலிட்டர் மீன்பிடி மேடை, 29 டிகிரி. கீழே, "ட்ரவுட் சூப்தான் அண்ணே" என்று எழுதியிருந்தான்.