பழத்துக்குள் விதை ஏன் முளைப்பதில்லை?

நன்றாகப் பழுத்த தக்காளியை வெட்டிப் பார்த்தால் விதைகள் வழவழப்பான கூழில் மூழ்கிக் கிடக்கின்றன. முளைப்பதற்கு வேண்டிய ஈரம் அங்கே உண்டு, வெப்பமும் உண்டு. உள்ளிருக்கும் கருவும் முழுதாக உருவாகிவிட்டது. ஆனாலும் விதை அசைவதில்லை. அதையே எடுத்துக் கழுவி ஈரத்தாளில் வைத்தால் சில நாட்களில் வேர் நீட்டிவிடுகிறது. விதை வளர்வதை விளக்குவது அவ்வளவு கடினமில்லை. உயிருள்ள எதுவும் வளரத்தான் செய்யும். வளர்ந்துகொண்டிருந்த ஒன்று நடுவழியில் நின்று, உலர்ந்து, காத்திருப்பதுதான் விளக்கம் கேட்கிறது.

நிற்பதைப் புரிந்துகொள்ள, முதலில் எது ஓட்டியது என்று பார்க்க வேண்டும். மகரந்தக் குழல் சூலுக்குள் இரண்டு ஆண் செல்களைக் கொண்டுவந்து விடுகிறது. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று சூலின் மையச் செல்லோடு சேர்ந்து, கருவுக்கு உணவூட்டும் கருவூண் திசுவாகிறது. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898-இல் ரஷ்யத் தாவரவியலாளர் செர்கெய் நவாஷின் கண்டறிந்தார். இவற்றைச் சுற்றியுள்ள விதையுறையோ முழுக்க முழுக்கத் தாய்ச்செடியின் உடல். ஆக, ஒரு விதைக்குள் மூன்று தனித்தனித் திசுக்கள். மூன்றும் ஒரே வேகத்தில் வளர்ந்தாக வேண்டும். இல்லையென்றால் உறை கிழியும், அல்லது கரு பட்டினி கிடக்கும். ஒன்றின் நிலையை மற்றொன்றுக்குத் தெரிவிப்பவை ஹார்மோன்கள்.

முதல் செய்தி ஆக்சின். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில் இது தெளிவாகத் தெரிந்தது. கருவுறுதல் முடிந்ததும் கருவூண் திசு ஆக்சினை உருவாக்கி வெளியே அனுப்புகிறது. அது எட்டிய பிறகே சூலின் உறை விதையுறையாக வளரத் தொடங்குகிறது. கருவுறாத சூலிலேயே ஆக்சின் உற்பத்தியைச் செயற்கையாகத் தூண்டினால், உள்ளே கரு இல்லாமலே உறை வளர்கிறது. தாய்த் திசு கருவைத் தேடிப் பார்ப்பதில்லை. ஆக்சின் வந்தால் கரு வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறது.

கருவுக்குள்ளும் ஆக்சினுக்கு வேலை இருக்கிறது. கருவின் முதல் செல் இரண்டாகப் பிரிந்ததும் ஆக்சின் மேல் செல்லில் குவிகிறது. சில பிரிவுகளுக்குப் பிறகு ஓட்டம் திசைமாறி, அடிமுனையில் சேர்கிறது. அங்கேதான் வேர் உருவாகும். மேல் எது, கீழ் எது என்பது மண்ணையும் வெளிச்சத்தையும் பார்ப்பதற்கு வெகுமுன்பே முடிவாகிவிடுகிறது.

விதையின் குரல் பழம் வரைக்கும் கேட்கும் என்பதை 1950-இல் ஜான் நிட்ஷ் ஸ்ட்ராபெர்ரியை வைத்துக் காட்டினார். ஸ்ட்ராபெர்ரியின் மேல் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு மணிகள்தாம் உண்மையான பழங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விதை இருக்கிறது. நாம் தின்னும் சதை, பூவின் அடிப்பகுதி வீங்கியது. மணிகளை எல்லாம் அகற்றினால் சதை வளர்வதில்லை. சிலவற்றை மட்டும் விட்டுவைத்தால் அவற்றைச் சுற்றி மட்டும் புடைக்கிறது. எல்லாவற்றையும் அகற்றிவிட்டு ஆக்சினைப் பூசினால், விதைகள் இருந்தாற்போலவே பருக்கிறது. இவ்வளவு எளிய கருவிகளோடு இவ்வளவு திட்டமான விடை தந்த சோதனைகள் தாவரவியலில் அதிகம் இல்லை.

அடுத்தது சைட்டோகைனின். செல்கள் பிரிவதைத் தூண்டுவது இதன் வேலை. 1941-இல் யோஹனஸ் வான் ஓவர்பீக்கும் அவருடைய சகாக்களும் ஊமத்தையின் மிக இளம் கருக்களைச் சோதனைக் குழாயில் வளர்க்க முயன்றபோது, சத்துக்கள் மட்டும் போதவில்லை. தேங்காய்த் தண்ணீர் சேர்த்ததும் கருக்கள் வளர்ந்தன. தேங்காய்த் தண்ணீர் என்பது திரவ வடிவிலான கருவூண் திசு என்பதை நினைத்தால், அது இன்னொரு செடியின் கருவையும் வளர்த்ததில் ஒரு நியாயம் தெரிகிறது. 1963-இல் லெதம் முற்றாத மக்காச்சோள மணிகளிலிருந்து சியாட்டின் என்னும் இயற்கைச் சைட்டோகைனினைப் பிரித்தெடுத்தார். மணி உருவாகும் தொடக்க நாட்களில் இதன் அளவு உச்சத்துக்குப் போய், பிறகு சரிகிறது. அந்தக் குறுகிய காலத்தில் கருவூண் திசுவில் எத்தனை செல்கள் உருவாகின்றனவோ அதைப் பொறுத்தே பின்னால் சேரும் மாவுச்சத்தின் அளவும் அமைகிறது.

ஜிப்பரெல்லின் என்னும் அடுத்த ஹார்மோனின் கதை நோயில் தொடங்கியது. நெற்பயிரை அளவுமீறி நெடிதாக வளர்த்துச் சாய்த்துவிடும் ஒரு பூஞ்சை, ஏதோ ஒரு பொருளைச் சுரந்தே இதைச் செய்கிறது என்று 1926-இல் எய்ச்சி குரோசவா காட்டினார். அந்தப் பொருளைச் செடிகளும் தாமே உண்டாக்குகின்றன என்பது 1958-இல்தான் உறுதியானது. அப்போதும் அது கிடைத்த இடம் முற்றாத அவரையின விதை. தண்டிலும் இலையிலும் இருப்பதைவிட இளம் விதையில் இது பல மடங்கு செறிந்திருக்கிறது. விதையில்லாத திராட்சைக்கு ஜிப்பரெல்லின் தெளிப்பதும் இதனால்தான்: விதை தரவேண்டியதை வெளியிலிருந்து கொடுக்கிறார்கள்.

இப்போது நிறுத்தும் கட்டம். கருவின் உறுப்புகள் எல்லாம் உருவான பிறகு அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோனின் அளவு ஏறத் தொடங்குகிறது. அராபிடாப்சிஸில் இது இரண்டு அலைகளாக வருகிறது: முதல் அலை தாய்த் திசுவிலிருந்து, இரண்டாவது கருவிலிருந்தே. இதன் ஆளுகையில் செல் பிரிவு ஓய்கிறது, புரதமும் எண்ணெயும் சேமிப்பாகக் குவிகின்றன. பிறகு தண்ணீர் வெளியேறுகிறது. எடையில் பெரும்பகுதி நீராக இருந்த விதை, முற்றும்போது பத்து விழுக்காடு அளவுக்கு வற்றிவிடுகிறது. இலையை இந்த அளவுக்கு உலர்த்தினால் செத்துப்போகும். விதை பிழைப்பதற்குக் காரணம், அப்சிசிக் அமிலத்தின் தூண்டுதலால் கடைசிக் கட்டத்தில் உருவாகும் தனிவகைப் புரதங்களும் சில சர்க்கரைகளும். செல்லின் உட்பொருள் நொறுங்கிவிடாமல், கண்ணாடி போன்ற இறுகிய நிலைக்கு வர அவை உதவுகின்றன.

இந்த அமிலம் இல்லையென்றால் என்ன ஆகும்? மக்காச்சோளத்தில் கதிரிலேயே முளைத்துவிடும் மரபணுப் பிறழ்வுகள் பல உண்டு. அவற்றில் சிலவற்றின் மணிகள் வெளிறிப்போயிருக்கும். மஞ்சள் நிறம் தரும் கரோட்டினாய்டுகளிலிருந்தே செடி அப்சிசிக் அமிலத்தைத் தயாரிக்கிறது; அந்தப் பாதை தொடக்கத்திலேயே அறுந்தால் நிறமும் போகும், உறக்கமும் போகும். இன்னொரு வகைப் பிறழ்வில் அமிலம் வேண்டிய அளவு இருக்கிறது, ஆனால் கரு அதற்குச் செவிசாய்ப்பதில்லை. தக்காளியிலும் அமிலத்தை உருவாக்க முடியாத ஒரு பிறழ்வு இருக்கிறது; அதன் விதைகள் கனிந்த பழத்துக்குள்ளேயே முளைக்கின்றன. பழக்கூழின் கரைசற்செறிவும் விதை நீரை உறிஞ்ச விடாமல் தடுப்பது உண்மைதான், ஆனால் அது மட்டும் போதாது. அலையாத்திக் காடுகளின் சில மரங்கள் இயல்பாகவே தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிடுகின்றன. அவற்றின் கருவில் இந்த அமிலத்தின் அளவு குறைவு.

இதை வைத்து அப்சிசிக் அமிலத்தை விதையின் பூட்டு என்று முடிவுகட்டுவது அவசரம். அமிலம் இல்லாத மக்காச்சோள மணிகளில், முளைக்கத் தூண்டும் ஜிப்பரெல்லினையும் இளம்பருவத்திலேயே குறைத்தபோது, அவை கதிரில் முளைக்கவில்லை, வழக்கம்போல முற்றின. ஆகவே கரு பார்ப்பது ஒன்றின் அளவை அல்ல, இரண்டுக்கும் இடையே உள்ள விகிதத்தை.

கோதுமை விளைவிப்போருக்கு இந்த விகிதம் அன்றாடக் கவலை. விதைத்த உடன் ஒரே சீராக முளைக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து, பல ரகங்களில் விதை உறக்கத்தை மனிதர்கள் குறைத்துவிட்டார்கள். அறுவடைக் காலத்தில் மழை நீடித்தால் அவை கதிரிலேயே முளைக்கின்றன. முளை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே உள்ளே ஆல்ஃபா அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தைச் சிதைக்கத் தொடங்கிவிடும். அந்த மாவைப் பிசைந்தால் ஒட்டும். அதில் சுட்ட ரொட்டியின் நடுப்பகுதி பிசுபிசுப்பாகவே இருக்கும். உறக்கத்தைத் திரும்பக் கூட்டினால் அடுத்த பருவத்தில் விதைத்தவை முன்னும் பின்னுமாக முளைக்கின்றன. மழைக்கு அசையாமல், விதைப்புக்கு மட்டும் உடனே விழித்துக்கொள்ளும் ரகத்தைத்தான் பயிர்ப்பெருக்க ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.