ஏற்றத்தில் இல்லாத உளைவு

சிவனொளிபாதமலையிலிருந்து இறங்கிய மூன்றாம் நாள், யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு வாசற்படியில் இறங்க முடியாமல் நின்றேன். மூன்றே மூன்று படி. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினேன். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஏறேக்க நோகேல்லையோ? இப்ப ஏன் நோகுது?" என்று கேட்டார்.

அம்மா கேட்டது சரியான கேள்வி. உண்மையில் ஏறும்போது எனக்குக் கால் நோகவில்லை. மலையின் உயரம் 2243 மீற்றர். அதில் அடிவார ஊரான நல்லதண்ணியிலிருந்து ஏறக்குறைய 1000 மீற்றரை, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில், காலால் ஏற வேண்டும். மூச்சு வாங்கியது, வியர்த்துக் கொட்டியது, அவ்வளவுதான். விடியச் சூரியனைப் பார்த்துவிட்டு இறங்கத் தொடங்கிப் பாதி வழி வருவதற்குள் முழங்காலுக்கு மேலே தொடை தானாக நடுங்கியது. அடுத்த நாள் ஹோட்டன் சமவெளியில் கிரிகல்பொத்தை. இலங்கையின் இரண்டாவது உயரமான மலை அது. அங்கேயும் ஏற்றத்தைச் சமாளித்தேன். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பல்லைக் கடித்தேன்.

"லக்டிக் அசிட் தேங்கிட்டுது மச்சான்" என்றான் கூட வந்த நண்பன். பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் படித்தோம். ஆனால் கணக்கு இடிக்கிறது. கடும் வேலையில் தசையில் சேரும் லக்டிக் அமிலம், ஓய்வெடுத்து ஒரு மணித்தியாலம் அளவில் பழைய நிலைக்கு வந்துவிடும். உளைவு உச்சத்துக்கு வருவதோ 24 முதல் 72 மணித்தியாலத்துக்குள். மூச்சிரைக்க ஏறும்போதுதான் அந்த அமிலம் அதிகம் உண்டாகிறது, நோவைக் கொடுப்பது இறக்கம். தசைக்குள் ஏற்படும் சிறு கிழிசல்களே காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்க உடலியலாளர் தியோடர் ஹஃப் 1902 இலேயே எழுதிவிட்டார்.

படியில் இறங்கும் ஒருவரைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கீழே வைக்கும் காலை விட்டுவிட்டு, மேற்படியில் நிற்கும் காலைக் கவனியுங்கள். அந்த முழங்கால்தான் மெதுவாக மடிந்து முழு உடம்பையும் கீழே இறக்கிவிடுகிறது. அப்போது தொடையின் முன்தசை சுருங்கத்தான் பார்க்கிறது, உடம்பின் பாரம் அதை நீட்டிக்கொண்டே போகிறது. தசை பிரேக் வேலை செய்கிறது. 60 கிலோ உடம்பு 1000 மீற்றர் இறங்கும்போது 590 கிலோயூல் அளவு சக்தியைப் பெரும்பாலும் இந்தத் தசைகளே வாங்கிக்கொள்ள வேண்டும்.

உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்க் கயிறிழுத்தல் போட்டியை நினைத்தால் போதும். தசைநாருக்குள் சார்கோமியர் என்ற நுண்ணிய அலகுகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மில்லிமீற்றருக்குள் 400 அளவில். ஒவ்வொன்றிலும் மயோசின் இழைகள் தம் சிறு தலைகளால் அக்டின் இழைகளைப் பிடித்து இழுக்கின்றன. ஏற்றத்தில் அந்தக் கைகள் கயிற்றை மாற்றி மாற்றி இழுத்து வெல்லும். இறக்கத்தில் எதிரணி பலமானது. பிடித்த பிடி விடாமலே கயிறு உருவிக்கொண்டு போகிறது. உள்ளங்கை எரிவது எந்த அணிக்கு என்று கயிறு இழுத்தவர்களுக்குத் தெரியும். வரிசையில் பலவீனமான சார்கோமியர்கள் அளவுக்கு மீறி நீண்டுவிடுகின்றன, சில ஒழுங்கு குலைகின்றன, பக்கத்துச் சவ்வுகளும் சேதப்படுகின்றன.

இதில் என்னை அதிகம் ஈர்த்தது 1952 இல் அபொட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூவர் செய்த பரிசோதனை. இரண்டு சைக்கிள்களை முதுகுக்கு முதுகாக நிறுத்திச் சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் பின்னோக்கி ஓடும் பெடலைத் தடுக்க வேண்டும். இருவரின் கால்களிலும் விசை ஒன்றுதான். ஆனால் மிதித்தவர் களைத்துப்போனார், தடுத்தவர் அவரைவிட மிகக் குறைந்த ஒட்சிசனே பாவித்தார். நீளும் தசை அதே பாரத்தைக் குறைந்த எண்ணிக்கைத் தசைநார்களை வைத்துத் தாங்கிவிடும். செலவு குறைவு, ஆனால் ஒவ்வொரு நாருக்கும் விழும் இழுவை அதிகம். இறங்கும்போது மூச்சு வாங்காததற்கும், பிறகு உளைவதற்கும் காரணம் இந்த ஒன்றேதான்.

இப்போது எங்கள் கதைக்கு வருவோம். நான் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன். கால் பலத்துக்குக் குறையில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் பெடல் மிதிப்பதில் தொடை சுருங்குகிறதே தவிர, பாரத்தோடு நீளுவது மிகக் குறைவு. குடாநாடு முழுக்கத் தட்டை நிலம். பெயரில் மலை உள்ள கீரிமலையிலும் கேணிக்கு இறங்கும் படிகள்தான். எத்தனை வருடம் மிதித்திருந்தாலும் இறக்கத்துக்கு என் கால் புதுசு.

சரி, சேதம் அன்றே நடந்திருக்க, நோவு ஏன் அடுத்த நாள் வருகிறது? பலம் குறைவது உடனேதான், நடுங்கிய தொடை அதன் அடையாளம். நோவு வருவது திருத்த வேலையால். சேதப்பட்ட இடத்துக்கு வெள்ளை அணுக்கள் வந்து சேருகின்றன, நீர் கோர்க்கிறது, அங்கே சுரக்கும் பொருட்கள் தசையையும் அதன் உறையையும் சுற்றியுள்ள நரம்பு முனைகளைக் கூருணர்வாக்குகின்றன. இதற்கெல்லாம் மணிக்கணக்கில் நேரம் பிடிக்கும். சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை. எழும்பினால், குந்தினால், அழுத்தினால் உயிர் போகிறது.

பல நாள் மலைப்பயணத்தில் இதோடு இன்னொன்றும் சேரும். தசையில் சேமித்த கிளைக்கோஜன் என்ற சர்க்கரை இருப்பு தீர்ந்தால் கால் கனக்கும். இரவில் வயிறாரச் சோறு சாப்பிடுவது அதற்கு நல்ல மருந்து. உளைவுக்கு மெதுவான நடையும் இலேசான நீவுதலும் கொஞ்சம் இதம் தரும். தசையை இழுத்து நீட்டும் பயிற்சியால் பெரிய பலன் இல்லை. உடம்பில் நீர் வற்றிய நிலையில் நோ மாத்திரைகளை அள்ளிப் போடாதீர்கள், சிறுநீரகம் பாதிக்கப்படலாம். சிறுநீர் பால் கலக்காத தேத்தண்ணி நிறத்தில் போனால், அது சாதாரண உளைவு இல்லை. தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒரு தடவை இப்படி அடிபட்ட தசை, ஆறும்போது தன்னைப் பலப்படுத்திக்கொள்கிறது. அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அவ்வளவாக நோகாது. அப்படியானால் அந்த முதல் அடியை, சிறிய அளவில், ஊரிலேயே வாங்கிக்கொள்ளலாம். பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்னரே தொடங்குங்கள். கதிரையில் ஐந்து எண்ணி மெதுவாக இருங்கள், எழும்புங்கள், திரும்ப இருங்கள். மாடிப்படி கிடைத்தால் இன்னும் நல்லது. ஏறுவது எப்படியும் இருக்கட்டும், இறங்கும்போது கைபிடியைப் பிடிக்காமல், மேற்படியில் நிற்கும் காலை அவசரமில்லாமல் மடித்து இறங்குங்கள்.