கடலில் யாருடைய ஆணை செல்லும்? நீரோடிக் கரையிலிருந்து ஒரு விளக்கம்

குமரி மாவட்டத்தில் கொல்லங்கோடு தாண்டி நீரோடியில் நிற்பவருக்கு மாநில எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கரையோரமாகவே நடந்தால் கேரளத்தின் பொழியூர் வந்துவிடும். கடைப் பலகையில் எழுத்து மாறும், பேச்சில் மலையாளம் கூடும். தரையில் இந்தக் கோட்டுக்குப் பொருள் உண்டு. அதையே கடலுக்குள்ளும் நீட்டிப் பார்ப்பதுதான் ஆபத்து. படகு ஆபத்தில் இருக்கும்போது வீட்டார் இந்தக் கோட்டை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் சென்னையைக் கேட்க வேண்டுமா, கரையேறுவது கொச்சிப் பக்கத்து முனம்பத்தில் என்றால் கொச்சியைக் கேட்க வேண்டுமா என்று பேசிப் பேசியே பொழுது போய்விடுகிறது.

கடற்படையில் தகவல் தொடர்புப் பிரிவில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது தூத்தூர், வள்ளவிளை, மார்த்தாண்டன்துறைப் பகுதிகளில் தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போகும் படகுகளின் ஸ்ராங்குகளுக்கு (படகோட்டிகளுக்கு) வயர்லெஸ், உயிர்காப்புப் பயிற்சி கொடுக்கிறேன். எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "மாமா, இரண்டு நாளாகப் படகு வயர்லெஸ்ஸில் கிடைக்கவில்லை. கொச்சி நேவியில் உங்களுக்குத் தெரிந்த ஆபீசர் யாராவது இருந்தால் சொல்லி ஒரு கப்பல் அனுப்பச் சொல்லுங்கள்." அந்தப் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் தெரிந்த அதிகாரி சொல்லிக் கப்பல் புறப்படுவதில்லை. யார் சொன்னால் புறப்படும் என்பதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் முதல் போன் சரியான இடத்துக்குப் போகும்.

1612இல் சூரத்துக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் கூட்டத்திலிருந்து இந்தியக் கடற்படையின் கதையைத் தொடங்குவார்கள். பம்பாய் மரைன், இந்தியன் நேவி, ராயல் இந்தியன் மரைன் என்று பல பெயர்கள் மாறி, 1934இல் ராயல் இந்தியன் நேவி ஆனது. பெயர் எதுவானாலும் வேலை கம்பெனியின் வணிகத்தையும் அரசின் துறைமுகங்களையும் காப்பது, மூளை பம்பாயில். இரண்டாம் உலகப் போரின்போதுதான் தலைமையகம் டெல்லிக்குப் போனது. கட்டளையிடுபவர் ஆங்கிலேயர், கீழ்ப்படிபவர் இந்தியர். மோசமான சாப்பாடு, இனத்தைச் சொல்லி ஏசுவது, ஊதியப் பாகுபாடு பற்றிய புகார்கள் மேலே போய்ச் சேரவே இல்லை. 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் தல்வார் என்ற தகவல் தொடர்புப் பயிற்சித் தளத்தில் எழுச்சி வெடித்தது. கராச்சி, கல்கத்தா, சென்னை என்று அது பரவியதற்கு வயர்லெஸ் மாலுமிகளும் ஒரு காரணம். அதே தொழிலைச் செய்தவன் என்பதால் அந்த நாளை நான் எப்போதும் மரியாதையோடு நினைப்பேன். கீழிருந்து வரும் குரலைக் கேட்க வழி வைக்காத நிர்வாகம் எப்படி உடையும் என்பதைக் கடற்படை அன்று கண்டது.

விடுதலைக்குப் பிறகும் சில ஆண்டுகள் தலைமைப் பொறுப்பில் ஆங்கிலேயர்களே இருந்தார்கள். 1955இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, முப்படைத் தலைவர்களுக்கு இருந்த 'கமாண்டர்-இன்-சீஃப்' பட்டத்தை நீக்கியது. படைத் தலைவர் இனி அரசின் கீழ் இயங்கும் தலைமை அதிகாரி. படைகளின் உச்சத் தலைமை குடியரசுத் தலைவருக்கே. 1957இல் நமக்கென்று கடற்படைச் சட்டம் வந்தது. 1958 ஏப்ரல் 22 அன்று ராம் தாஸ் கட்டாரி முதல் இந்தியக் கடற்படைத் தலைவர் ஆனார். அவர் பிறந்தது செங்கல்பட்டில். நம் பிள்ளைகளுக்கு இது தெரியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நம் கரையைத் தொடும் மாற்றம் 1968 மார்ச் 1 அன்று நடந்தது. பம்பாயில் மேற்குக் கட்டளையகம், விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கட்டளையகம் என்று இரண்டு பெரிய தலைமையகங்கள் அமைந்தன. கடற்படைத் தலைவர் பதவியும் முழு அட்மிரல் நிலைக்கு உயர்ந்தது. கொச்சி அப்போது 'பகுதி' என்ற அளவில்தான் இருந்தது. 1977இல்தான் தெற்குக் கட்டளையகம் ஆனது. இன்றும் அதன் முதன்மைப் பணி பயிற்சி. கடற்படையில் சேரும் அதிகாரிகளும் மாலுமிகளும் ஏதோ ஒரு கட்டத்தில் அதன் கீழ் உள்ள பள்ளிகளில் படிக்கிறார்கள். கொச்சித் துறைமுகத்தில் வரிசையாக நிற்கும் சாம்பல் நிறக் கப்பல்களைப் பார்க்கிற நம் ஆட்கள், அவை எல்லாம் மீட்புக்குத் தயாராக நிற்கின்றன என்று நினைத்துக்கொள்கிறார்கள். சில பயிற்சிக் கப்பல்கள், சில பழுதுபார்ப்பில் இருப்பவை, சில மட்டுமே உடனே புறப்படக் கூடியவை. பெரிய போர்க்கப்பல் தொகுதிகள் மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் இருக்கின்றன.

இன்னொன்று: கேரளக் கரையும் லட்சத்தீவும் தெற்குக் கட்டளையகத்தின் பொறுப்பு. தமிழ்நாட்டுக் கரை விசாகப்பட்டினத்தின் கீழ் வருகிறது. நீரோடியிலிருந்து கொச்சி எவ்வளவு பக்கம், விசாகப்பட்டினம் எவ்வளவு தூரம்! வரைபடத்தைப் பார்த்தால் விநோதமாகத்தான் தெரியும். ஆனால் ஆபத்தில் இருக்கும் படகுக்கு இந்தப் பிரிவினை தடையாகாது. அதற்கான பொறுப்பை நாடாளுமன்றம் வேறொரு படையிடம் ஒப்படைத்திருக்கிறது.

கள்ளக்கடத்தலையும் அந்நிய மீன்பிடிப் படகுகளையும் துரத்துவது போர்க்கப்பல்களின் வேலையா என்ற கேள்வி 1970களில் எழுந்தது. ருஸ்தம்ஜி தலைமையிலான குழு தனிப்படை வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1977 பிப்ரவரி 1 அன்று இடைக்கால அமைப்பாகத் தொடங்கிய கடலோரக் காவல்படை, 1978 ஆகஸ்டில் சட்டத்தால் நிலைபெற்றது. அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அதன் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. மீனவர்களுக்குப் பாதுகாப்பு அளிப்பதும், கடலில் ஆபத்தில் சிக்கும்போது அவர்களுக்கு உதவுவதும் அதில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கின்றன. எனவே நீங்கள் உதவி கேட்கும்போது யாருடைய தயவையும் நாடவில்லை. சட்டம் சொல்லும் கடமையைத்தான் கேட்கிறீர்கள். மும்பை, சென்னை, போர்ட் பிளேர் ஆகிய மூன்று இடங்களிலும் அந்தப் படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்கள் இரவும் பகலும் இயங்குகின்றன. கொச்சியில் துணை மையம் உண்டு. கடற்படைக் கப்பலோ விமானமோ தேவைப்பட்டால் அவர்களே கேட்டுப் பெறுவார்கள். எந்த மையம் பொறுப்பேற்பது என்பதைத் தீர்மானிப்பது படகு நிற்கும் இடம். பதிவு எண்ணோ, முதலாளியின் ஊரோ அல்ல.

மாநில அதிகாரம் எங்கே முடிகிறது என்பதற்கு நம் கண்முன் நடந்த வழக்கே இருக்கிறது. 2012 பிப்ரவரி 15 அன்று எண்ணெய்க் கப்பலான என்ரிகா லெக்ஸியிலிருந்து இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கேரளத்துக்காரர், ஒருவர் நம் குமரி மாவட்டத்துக்காரர். சம்பவம் நடந்தது கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல் தொலைவில். இந்தியக் கடல் எல்லையோ 12 கடல் மைல். கேரளம் வழக்குத் தொடுத்தது. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இதில் கேரளத்துக்கு அதிகாரம் இல்லை, மத்திய அரசுக்கே உண்டு என்று தீர்ப்பளித்தது. நம் படகுகளோ இதைவிடப் பல மடங்கு தூரம் போகின்றன.

2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோரப் பாதுகாப்பு உட்பட முழுக் கடல் பாதுகாப்பின் பொறுப்பும் கடற்படைக்குக் கொடுக்கப்பட்டது. மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி, போர்ட் பிளேர் ஆகிய இடங்களில் கூட்டுச் செயல்பாட்டு மையங்கள் வந்தன. 2020இல் முப்படைத் தலைமைத் தளபதி பதவி நடைமுறைக்கு வந்தது. மூன்று படைகளையும் இணைத்த களக் கட்டளையகங்கள் பற்றிய பேச்சு தொடர்கிறது. நாளை பெயர்ப்பலகைகள் மாறலாம். மீனவர் அழைக்க வேண்டிய எண் இன்று 1554. அது கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண். கரையோரச் சிக்கலுக்கு மாநிலப் போலீஸின் கடலோரக் காவல் நிலைய எண்ணான 1093.

அழைத்ததும் என்ன சொல்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பயிற்சியில் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வதும் இதற்குத்தான். ஒரு முறை வகுப்பில் ஒரு ஸ்ராங்கு தன் நோட்டைக் காட்டினார்: "8.30, 74.00" என்று எழுதியிருந்தார். அது 8 டிகிரி 30 நிமிடமா, 8.30 டிகிரியா? 8.30 டிகிரி என்றால் 8 டிகிரி 18 நிமிடம். இரண்டுக்கும் இடையே 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர். இருட்டில், அலையில், அவ்வளவு தூரம் தள்ளித் தேடினால் விமானத்தின் கண்ணிலும் படகு படாது. ஜிபிஎஸ் கருவி எந்த முறையில் காட்டுகிறது என்பதைப் புறப்படும் முன்பே பாருங்கள். "எட்டு டிகிரி, முப்பது நிமிடம், வடக்கு" என்று முழுதாகச் சொல்லப் பழகுங்கள். எந்த நேரத்தில் எடுத்த இடக்குறிப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீரோட்டத்தைக் கணக்கிட அது வேண்டும்.

விஎச்எஃப் வயர்லெஸ்ஸில் 16ஆம் சேனல் அபாய அழைப்புக்கானது. ஆனால் சிறு படகின் ஆன்டெனாவிலிருந்து அது சில பத்து கடல் மைல்தான் எட்டும். லட்சத்தீவின் மினிக்காய் பக்கம் தொழில் செய்பவர் அதை மட்டும் நம்பக் கூடாது; செயற்கைக்கோள் வழியாக அபாயச் செய்தி அனுப்பும் கருவி படகில் இருக்க வேண்டும், அது வேலை செய்கிறதா என்று கரையிலேயே சோதிக்க வேண்டும். 2017 ஒக்கிப் புயலில் இந்தக் கரை இழந்ததை எவரும் மறக்கவில்லை. தொலைகடலில் இருந்த பல படகுகளுக்கு எச்சரிக்கை சென்று சேரவும் இல்லை, அவர்கள் நிலை கரைக்குத் தெரியவும் இல்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படகின் பெயர், பதிவு எண், நிறம், ஆட்களின் பெயர்ப் பட்டியல், புறப்பட்ட துறைமுகமும் தேதியும், போகவிருக்கும் திசை, கடைசியாகப் பேசிய நேரமும் இடமும், படகிலுள்ள கருவியின் எண், பக்கத்தில் தொழில் செய்யும் படகுகளின் பெயர்கள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, ஒரு நகலை வீட்டிலும் இன்னொன்றைப் பங்கு (தேவாலய) அலுவலகத்திலோ மீனவர் சங்கத்திலோ வையுங்கள். படகு கொச்சியிலிருந்து புறப்பட்டாலும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து புறப்பட்டாலும் தாள் ஊரில் இருக்கட்டும். 1554இல் எதிர்முனையில் இருப்பவர் கேட்கப்போவது இவற்றைத்தான்.