கலவையும் அல்ல, கூட்டும் அல்ல: அது கப்பி வில்

வில்வித்தை பழகத் தொடங்குகிறவர் என்னென்ன வாங்க வேண்டும் என்று தமிழில் தேடினால் முதலில் வந்து நிற்பது 'கலவை வில்'. இரு நுனியிலும் சக்கரம் வைத்த, ஆங்கிலத்தில் காம்பவுண்ட் எனப்படும் வில்லைத்தான் அப்படி மொழிபெயர்க்கிறார்கள். கலவை என்றால் நமக்கு சிமெண்டும் மணலும். காம்பவுண்ட் வில்லில் யாரும் எதையும் கலக்கவில்லை. இந்தச் சொல்லை இனியும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காம்பவுண்ட் என்பது 'சேர்த்து வைத்தல்' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் வீட்டுக் காம்பவுண்ட் சுவர் வேறு. அதன் வேர் மலாய் மொழியின் கம்போங் என்பார்கள். வில்லை உருவாக்கியவர் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன். 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்றார். அந்தக் காப்புரிமையின் தலைப்பில் காம்பவுண்ட் என்ற சொல்லே கிடையாது. இழுவிசையைப் பெருக்கும் இணைப்புகள் கொண்ட வில் என்றுதான் அவர் எழுதினார். செய்தவரே வேலையைச் சொல்லிப் பெயர் வைத்திருக்கிறார்.

கலவை வில் எந்திர மொழிபெயர்ப்பின் பிழை, அதோடு விட்டுவிடலாம். 'கூட்டு வில்' அப்படியல்ல. விவரம் தெரிந்தவர்களே அதற்கு வாதாடுகிறார்கள். கூட்டு வட்டி இருக்கிறது, கூட்டிலை இருக்கிறது, பூச்சிகளுக்குக் கூட்டுக்கண் இருக்கிறது, வில்லுக்கு மட்டும் என்ன என்று கேட்கிறார்கள். அதே ஆங்கிலச் சொல்லை வேதியியலில் சேர்மம் என்கிறோமே? பொருளைப் பார்த்துத்தானே அங்கே பெயர் வைத்தோம்?

அதைவிடப் பெரிய சிக்கல், கூட்டு வில் என்ற பெயருக்கு ஏற்கெனவே உரிமையாளர் இருக்கிறார். கொம்பு, மரம், விலங்கின் தசைநார் மூன்றையும் பசையால் ஒட்டிச் செய்த வில்லை மங்கோலியரும் துருக்கியரும் குதிரைமேல் இருந்து எய்தார்கள். ஆங்கிலத்தில் அது காம்போசிட். தமிழில் கூட்டு வில் என்றால் அதற்குத்தான் பொருந்தும். இரண்டுக்கும் ஒரே பெயரைக் கொடுத்தால், அலுமினியக் கைப்பிடியும் சக்கரமும் உள்ள வில்லைச் செங்கிஸ்கான் படை ஏந்தியதாகப் படிக்கிற பிள்ளை நினைத்துக்கொள்ளும். பல பாகம் சேர்ந்தது என்பதே காரணம் என்றால், ஒலிம்பிக்கில் எய்கிற, சக்கரம் இல்லாத ரிகர்வ் வில்லும் கைப்பிடி, அதன் இருபுறமும் வளையும் இரண்டு கை என்று மூன்று துண்டாகக் கழற்றி மாட்டுவதுதான். அதையும் கூட்டு வில் என்பார்களா?

இந்த வில்லைத் தனித்துக் காட்டுவது அதன் இரு நுனியிலும் இருக்கும் சக்கரம். ஐம்பது பவுண்டு இழுவிசையுள்ள வில்லை இழுத்துப் பாருங்கள். பாதி வழியில் தோள் திணறும். அப்புறம் சக்கரம் உருண்டு திரும்பும், கை சட்டென்று இலேசாகிவிடும். எண்பது விழுக்காடு தளர்வுள்ள வில் என்றால் கடைசியில் பத்துப் பவுண்டைத்தான் பிடித்துக்கொண்டு குறி பார்க்கிறோம். ரிகர்வ் வில்லில் முழுதாக இழுத்த நிலையில்தான் பாரம் உச்சத்தில் இருக்கும். இந்த வேறுபாட்டைச் செய்கிற உறுப்புக்குக் கிணற்றடியிலேயே நம்மிடம் பெயர் இருக்கிறது: கப்பி. ஆகவே கப்பி வில்.

கிணற்றுக் கப்பியின் அச்சு நடுவில் இருக்கும், இதில் மையம் விலகியிருக்கிறது, ஆகவே நெம்புருள் (கேம்) வில் என்பதே சரி என்று பொறியியல் படித்தவர்கள் சொல்லலாம். நியாயமான மறுப்புதான். ஆனால் நெம்புருளை எத்தனை பேருக்குத் தெரியும்? கப்பி என்றதும் கயிறும் உருளையும் கண்முன் வந்துவிடுகின்றன. உள்ளே இருக்கும் நுட்பத்தை நெம்புருள் என்றே சொல்வோம். வில்லுக்குக் கப்பி வில் போதும்.

இப்போதே முடிவு செய்தாக வேண்டும். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்த வில்லுக்கான ஐந்து தங்கத்தையும் இந்தியாதான் வென்றது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கலப்பு அணிப் போட்டியாக இது முதன்முறை நுழைகிறது. அப்போது செய்தித்தாள்கள் நாளுக்கொரு பெயர் எழுதும்.

பெயர் ஒன்றோடு போகவில்லை, புதியவருக்கான கருவிப் பட்டியல்கள் முழுக்க இதே கதிதான். இழுவிசையை 'வரைதல் எடை' என்கிறார்கள், படம் வரைவதுபோல. அம்புத் தாங்கி 'அம்பு ஓய்வு' ஆகிவிட்டது. நாணைப் பிடித்து விடும் விசைக்கொக்கி 'வெளியீட்டு உதவி'யாம். அம்பு வைக்கத் தூணி என்ற அழகான சொல் இருக்க, 'அம்புப் பை'. நாணை எவ்வளவு தூரம் இழுக்கிறோம் என்ற இழுநீளத்தைப் பற்றியோ ஒரு வரி கூட இருக்காது. கப்பி வில்லில் கப்பியே நாணை ஓரிடத்தில் நிறுத்திவிடும், அதற்கு மேல் இழுக்க முடியாது. வில் அவரவர் உடம்புக்குப் பொருந்தியாக வேண்டும். இரு கையையும் விரித்து, விரல்நுனி முதல் விரல்நுனி வரை அங்குலத்தில் அளந்து இரண்டரையால் வகுத்தால் ஏறக்குறைய உங்கள் இழுநீளம். எழுபது அங்குலம் வந்தால் இருபத்தெட்டு.

என்னை உண்மையில் பதறவைப்பது 'உலர் தீ'. அம்பு வைக்காமல் நாணை விடுவதை ஆங்கிலத்தில் டிரை ஃபயர் என்பார்கள், அதைத்தான் அப்படி மொழிபெயர்க்கிறார்கள். அம்பு இல்லாவிட்டால் அத்தனை விசையும் வில்லுக்குள்ளேயே திரும்பும். நாண் அறும், கப்பி வளையும், வில்லின் கை பிளந்து முகத்தில் அடிக்கும். 'உலர் தீயைத் தவிர்க்கவும்' என்று படித்த புதியவருக்கு இதில் என்ன புரியும்? அம்பில்லாமல் நாணை விடாதே என்று எழுதுங்கள்.