முரண்டு பிடிக்கும் சீட் பெல்ட்

"சீட் பெல்ட்டை நிதானமாக இழுத்தால் தாராளமாக வருகிறது. அவசரத்தில் வெடுக்கென்று இழுத்தால் முரண்டு பிடிக்கிறதே, ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். முரண்டு பிடிப்பதுதான் அதன் வேலை.

தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று புள்ளி பெல்ட்டை 1959இல் கொண்டுவந்தவர் வால்வோவின் பொறியாளர் நில்ஸ் போலின். காப்புரிமையை மற்ற கார் நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வால்வோ திறந்துவிட்டது. தானாகச் சுருட்டிக்கொள்ளும் உருளை அப்புறம் சேர்ந்தது. அந்த உருளையைத் திறந்து பார்த்தால் ஒரு சின்னக் கிண்ணமும் அதில் கோலி போல ஒரு எஃகுக் குண்டும் இருக்கும். கார் சட்டென நின்றால் கிண்ணமும் நிற்கும், குண்டு நிற்காது. நியூட்டனின் முதல் விதிதான். கிண்ணத்தின் ஓரத்தில் ஏறும் குண்டு மேலே உள்ள நெம்புகோலைத் தூக்க, அது பற்சக்கரத்தில் மாட்டி உருளையைப் பூட்டிவிடும். செங்குத்தான சரிவில் நிறுத்திய காரில் பெல்ட் சில சமயம் வர மறுப்பதும் இந்தக் குண்டு உருண்டுவிடுவதால்தான். வெடுக்கென்று இழுக்கும்போது பூட்டுவது இன்னொரு அமைப்பு: உருளை திடீரென வேகமெடுத்தால் அதிலுள்ள சிறு எடை விலகிப் பல்லில் மாட்டும். பேட்டரி, வயர் எதுவும் வேண்டாம்.

சரி, பூட்டியாயிற்று. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகிறவர் 5 செ.மீ. தூரத்துக்குள் நின்றால், அவர் மீது புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 200 மடங்கு விசை பாயும். அதே ஆள் 60 செ.மீ. தூரத்தில் நின்றால் 16 மடங்குதான். காரின் மூக்கு நசுங்கும்படி செய்யப்படுவது இந்தத் தூரத்தைச் சம்பாதிக்கத்தான்.

பெல்ட்டும் தன் பங்குக்குக் கொஞ்சம் தூரம் தருகிறது. எனக்கு மிகவும் பிடித்த பாகம் இதுதான். பல கார்களில் உருளையின் அச்சே ஒரு எஃகுக் கம்பி. இழுவிசை ஒரு வரம்பைத் தாண்டினால் அந்தக் கம்பி, பிழியும் துணி போல முறுக்கிக்கொள்ளும். பெல்ட் சில சென்டிமீட்டர் நெகிழும். நம் விலா எலும்புக்குப் பதிலாகக் கம்பி கெட்டுப்போகிறது. முறுக்கியது பழையபடி திரும்பாது, அதனால் பெரிய மோதலைப் பார்த்த பெல்ட்டை மாற்றியே ஆக வேண்டும். அந்த வரம்பை யாருடைய உடலுக்கு ஏற்ப வைப்பது? மோதல் சோதனைப் பொம்மைகள் நெடுங்காலம் சராசரி ஆணின் அளவிலேயே இருந்தன. ஆராய்ச்சிப் பணம் முதியவர்கள், பெண்களின் எலும்புகளுக்கும் எப்போதோ போயிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இவ்வளவு பாதுகாப்பு வந்தால் ஓட்டுநர் துணிச்சலாகி, ஆபத்தைப் பாதசாரியின் தலையில் கட்டிவிடுவார் என்று 1975இல் பொருளியலாளர் சாம் பெல்ட்ஸ்மேன் வாதிட்டார். அவருடைய கணக்கைப் பலர் மறுத்தார்கள். முன்னிருக்கைக்காரர் இறக்கும் வாய்ப்பைப் பெல்ட் ஏறக்குறைய பாதியாக்குகிறது. அந்த லாபத்தை யாருடைய துணிச்சலும் தின்றுவிடவில்லை.

ஆனால் மனிதர் சொன்னதை முழுக்கத் தள்ளவும் முடியாது. 1980களில் மியூனிக் நகர டாக்ஸிகளில் ஒரு பகுதிக்கு மட்டும் ஏபிஎஸ் பிரேக், அதாவது அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக், பொருத்திப் பார்த்தார்கள். விபத்துகள் எதிர்பார்த்தபடி குறையவில்லை. ஏபிஎஸ் வண்டிக்காரர்கள் வளைவுகளில் முரட்டுத்தனமாகத் திரும்பினார்கள், கடைசி நேரத்தில் அழுத்திப் பிரேக் பிடித்தார்கள். வித்தியாசம் எங்கே என்றால், நல்ல பிரேக்கைக் கால் தினமும் உணர்கிறது, உடனே அதைச் செலவழிக்கிறது. முறுக்குக் கம்பி இருப்பதே ஓட்டுபவருக்குத் தெரியாது. அதை நம்பி யாரும் ஆக்சிலரேட்டரை மிதித்ததில்லை. நீங்கள் இப்போது தெரிந்துகொண்டுவிட்டீர்கள், அது வேறு விஷயம்.